நடுவில் ஒரு காலிக் கட்டம்

டயாலிசிஸ் இயந்திரம் செய்யும் நிறுவனம் அது. இயந்திரத்தின் அடிமட்ட மென்பொருளில் நினைவக அட்டவணையைக் கோமளவல்லி பல வருடங்களாகப் பராமரித்து வந்தார். நிரல் ஓர் எண்ணைச் சொல்லி ஓர் இடத்தைக் கேட்கும். அந்த இடம் சிப்புக்குள் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை அட்டவணையின் கட்டம் சொல்லும். சரியாக நடக்கும்வரை அதைப்பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அவரிடம் அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர் ஞானப்பிரகாசம். வயதில் கோமளவல்லிக்கு மூத்தவர். வயரிங் பிரிவிலிருந்து வந்தவர். மனைவி பிலோமினா இறந்தபின் விடுப்பு முடியுமுன்பே வேலைக்குத் திரும்பியிருந்தார். யாரும் கேட்காத வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தார்.

அந்த நாட்களில் அவர் செய்த ஒரு திருத்தத்தோடு போன இயந்திரம், சிறிய ஊர் ஒன்றின் மருத்துவமனையில் பாதியில் உறைந்து நின்றது. நோயாளியின் ரத்தம் குழாயில் இருந்தது. செவிலியர் பம்பின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்பினார். பிறகு ஃபோன் செய்தார்.

"உங்க மெஷினுக்குப் பாதியில தூக்கம் வந்துடுச்சுங்க. எனக்குத் தோள் கழண்டு போச்சு."

அந்த ஊரில் இருப்பது அது ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் திருத்தம் போகாவிட்டால், காலையில் வரும் நோயாளிகள் பஸ் ஏறி வேறு ஊருக்குப் போகவேண்டும்.

ஞானப்பிரகாசம் சிவந்த கண்களோடு கோமளவல்லியின் மேசைக்கு வந்தார்.

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன் மேடம். அட்டவணை சரியா இருக்கு."

"சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் நிக்குது?"

"அட்டவணையை யார் பார்க்கிறாங்க?"

"ரெண்டு கோரும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

அந்தச் சிப்பில் வேலை செய்வது கோர் எனப்படும் இரண்டு செயலிகள். நேரம் மிச்சமாகட்டும் என்று, கடைசியாகப் பார்த்த இடத்தை ஒவ்வொன்றும் கையிலேயே வைத்துக்கொள்ளும். மாறிவிட்டது என்று யாராவது சொல்லும்வரை அட்டவணையைத் திரும்பிப் பார்க்காது.

"ஒரு கோர் இன்னும் பழைய இடத்துல எழுதிட்டு இருக்கு," என்றார் கோமளவல்லி. "அந்த இடத்தை நீங்க மெஷினோட திரைக்குக் கொடுத்துட்டீங்க. ரெண்டும் மோதித்தான் உறைஞ்சு நிக்குது. கட்டத்தைக் காலியாக்கி, ரெண்டுக்கும் சொல்லி, காத்திருந்து, அப்புறம் புதுசு எழுதுற மாதிரி வரிகள் இருந்துச்சே. எங்கே?"

"எடுத்துட்டேன். புதுசுதான் கையில இருக்கே மேடம். நேரா பழசு மேல எழுதினா முடிஞ்சது. நடுவுல எதுக்குக் காலி? வெட்டியா நிக்கிற நேரம்."

"வயரிங்ல இருந்தப்போ கரண்ட்டை நிறுத்தாமத்தான் வயர் மாத்துவீங்களா?"

"அது உயிர் போற வேலை மேடம்."

கோமளவல்லி அவரைப் பார்த்தார். அவர் தலை குனிந்தார்.

அப்போது அவர் சட்டைப்பையில் ஒரு ஃபோன் அடித்தது. பிலோமினாவின் ஃபோன். சார்ஜ் தீராமல் வைத்திருந்தார். மறுமுனைக் குரல் கோமளவல்லிக்கும் கேட்டது.

"பிலோமினாக்கா இருக்காங்களா? டெய்லர் அபுபக்கர் பேசறேன். ஈஸ்டருக்குக் கொடுத்த ப்ளவுஸ் தைச்சு அப்படியே தொங்குது. லேட்டாயிடுச்சுன்னு அக்கா கோபமா இருக்காங்களாண்ணா? வந்து ரெண்டு திட்டு திட்டிட்டு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"சொல்றேன் பாய்." வைத்துவிட்டார்.

"யார்கிட்ட சொல்வீங்க?" என்றார் கோமளவல்லி.

ஞானப்பிரகாசம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த டெய்லர் பாவம், திட்டு வாங்கறதுக்குக் காத்துட்டு இருக்கார்," என்றார் கோமளவல்லி.

"சாயங்காலத்துக்குள்ள இதை அனுப்பணும் மேடம்."

"அனுப்பலாம். முதல்ல அவரைக் கூப்பிடுங்க."

அவர் வெகுநேரம் ஃபோனைக் கையில் வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டார்.

"பாய், பிலோமினா இல்லை. ஈஸ்டருக்கு முன்னாடியே போயிட்டா."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. ஞானப்பிரகாசம் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கோமளவல்லி கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்களேண்ணா," என்றது குரல் கடைசியில்.

"நான் சொல்லலை பாய்."

"சரிங்கண்ணா."

ஞானப்பிரகாசம் ஃபோனை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எடுத்துப் போட்ட வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினார். கட்டத்தைக் காலியாக்கும் வரி. இரண்டு கோருக்கும் சொல்லும் வரி. அடுத்த வரியில் கை நின்றது.

"எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்றது மேடம்? ஒரு கணக்கு சொல்லுங்க."

"கணக்கு கிடையாது," என்றார் கோமளவல்லி. "கேட்டுடுச்சுன்னு கடைசி ஆள் சொல்ற வரைக்கும்."