எண்ணெய் போன வழி

“எண்ணெயைத் திருடித் தின்னவன் எவன்டா?” தறி மில் அதிரக் கத்தினார் மேனேஜர் சம்பந்தம். காற்றடிக்கும் ஸ்க்ரூ கம்ப்ரசரில் வாரத்துக்கு மூன்று லிட்டர் எண்ணெய் குறைந்தது. தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. பழி ஆபரேட்டர் செம்மலையின் தலையில் விழுந்தது.

“திருடனைக் காட்டு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதே!”

“காட்டறனுங்க சார். உங்க கைக்குட்டையைக் குடுங்க.”

தறிக்குப் போகும் காற்றுக்குழாயின் வால்வை லேசாகத் திறந்து, அதன் எதிரே கைக்குட்டையைப் பிடித்தான் செம்மலை. வெள்ளைத் துணி பழுப்பாகிப் பிசுபிசுத்தது.

“கம்ப்ரசருக்குள்ள சுத்தற ரெண்டு ஸ்க்ரூவும் உரசாம, சூடேறாம ஓடத்தான் எண்ணெய் விடறோம். அது காத்தோட கலந்துதான் வருமுங்க. காத்துலருந்து எண்ணெயைச் செப்பரேட்டர்தான் வடிச்சுத் திருப்பி அனுப்போணும். நம்முளுது வடிக்கறதில்லீங்க.”

“ஏன்?”

“புதுசு கேட்டேன். பழசையே மண்ணெண்ணெயில அலசி மாட்டச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அலசினதுல உள்ள இருந்த வடிகட்டி நைஞ்சு போச்சுங்க.”

“எந்த மடையன் போட்ட உத்தரவு அது?”

தறிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செம்மலை வேலைப் பதிவேட்டைப் பிரித்து நீட்டினான். உத்தரவுக்கடியில் சம்பந்தத்தின் கையெழுத்து வளைந்து நெளிந்து கிடந்தது. அவர் முகம் கைக்குட்டையைவிடக் கறுத்தது.

“பேரை நான் சொல்ல மாட்டனுங்க சார். அந்த ஆளு யாரா இருந்தாலும் சரி, புது செப்பரேட்டருக்கு இப்பவே ஆர்டர் போடச் சொல்லுங்க!”