பேய் காதில் சொன்னது

விமர்சகர் சாரங்கபாணி எந்தப் படத்தையும் பாராட்டியதாகச் சரித்திரமே இல்லை. சண்டைப் படத்துக்குக் கொட்டாவி விடுவார், பேய்ப் படத்துக்குக் குறட்டை விடுவார், சின்ன பட்ஜெட் படம் என்றால் இரண்டையும் சேர்த்தே விடுவார். ஆனால் அவர் நல்லபடியாக எழுதினால்தான் சின்னப் படங்களைத் தியேட்டர்காரர்கள் திரும்பியே பார்ப்பார்கள்.

குணசீலன் எடுத்த சின்ன பேய்ப் படத்தின் பிரிவியூ முடிந்ததும் சாரங்கபாணி சோம்பல் முறித்தார்.

"இதெல்லாம் ஒரு பேயா? என்னை ஒரு தடவை பயமுறுத்திக் காட்டுங்கய்யா, நாளைக்கே ஆகா ஓகோன்னு எழுதுறேன்!"

குணசீலனுக்கு முகம் வெளிறிவிட்டது. படத்தில் பேயாக நடித்த எஸ்தர் பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள்.

"நான் முயற்சி பண்ணட்டுமா சார்?"

"படத்துலயே உன்னால முடியலையேம்மா! சரி, பண்ணு."

எஸ்தர் குனிந்து அவர் காதில் பணிவாக ஏதோ சொன்னாள். "ஐயோ!" என்று அலறிய சாரங்கபாணி, கையிலிருந்த சமோசாவையும் காலிலிருந்த ஒரு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினார்.

மறுநாளே விமர்சனம் வந்தது: "என்னையே அலற வைத்த படம்!"

குணசீலனுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படி என்னம்மா சொன்னே?"

"'என்கிட்ட ஒரு கதை இருக்கு சார், மூணு மணி நேரம்தான், இப்பவே சொல்லட்டுமா'ன்னு கேட்டேன். நிஜமாவே இருக்கு சார். முதல் சீன் என்னன்னா..."

குணசீலன் அதற்குள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.