நல்ல தாள்

உறையூரில் ஒரு சமுதாயக் கூடத்தில் சனி, ஞாயிறு மாலைகளில் ஓவிய வகுப்பு நடந்தது. பெரியவர்களுக்கு மட்டும். கல்யாணம் இருந்தால் வகுப்பு கிடையாது. மறுநாள் வந்தால் கூடமெல்லாம் பன்னீர் மணக்கும். தரையில் நசுங்கிக் கிடக்கும் ரோஜா இதழ்களைக் கூட்டித் தள்ளிவிட்டுப் பலகைகளைப் பரப்புவார்கள்.

ஆசிரியர் பெயர் தாஜுதீன். மாணவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். யாராவது எதையாவது கேட்டால், பதிலுக்கு எதையாவது செய்து காட்டுவார். புரிந்தவர்களுக்குப் புரியும். புரியாதவர்களும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

மங்கையர்க்கரசியும் பிலோமினாவும் ஒன்றாகச் சேர்ந்தவர்கள். தொலைபேசி நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, ஒன்றாகவே ஓய்வு பெற்றவர்கள். ஓவிய ஆசை அரசிக்குத்தான். தனியாகப் போக அவள் கூச்சப்பட்டதால் பிலோமினா துணைக்கு வந்தாள்.

துணைக்கு வந்தவள்தான் வகுப்பைக் கொண்டாடினாள். காலண்டர் தாளின் பின்பக்கம், பலகாரப் பெட்டி அட்டை, எது கிடைத்தாலும் வரைவாள். அவள் போட்ட மாமரம் காலிபிளவர் மாதிரி இருந்தது. அதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் காட்டிச் சிரித்தாள்.

அரசி அப்படியில்லை. செம்பு வரையச் சொன்னால் மாதக்கணக்கில் செம்பையே வரைவாள். கழுத்து வளைவு சரியில்லை என்று அழிப்பாள், மறுபடி போடுவாள், மறுபடி அழிப்பாள். கடைசியில் தாளில் ஓட்டை விழுந்துவிடும்.

ஒருநாள் டீ குடிக்கும்போது பிலோமினா சொன்னாள்.

"அரசி, என்னை வரைடி."

"உன்னையா? எனக்குச் செம்பே வரமாட்டேங்குது."

"நான் மட்டும் என்ன, செம்பை விட அழகா? சும்மா வரை."

"கொஞ்சம் கை படியட்டும் பிலோ."

"சீக்கிரம் படிய வை. கண்ணுல பிரஷராம். இடது கண்ணு சுத்தமாப் போயிருச்சு. வலது கண்ணும் ஓரத்துல இருந்து மூடிக்கிட்டே வருது. போன பார்வை திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து எனக்கே போரடிச்சிருச்சு. உன் கண்ணுக்கு நான் எப்படி இருக்கேன்னு ஒரு தடவை பார்த்துரணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அரசிக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே அரசி மெயின்கார்டு கேட் கடைவீதிப் பக்கம் போய், கடையில் இருந்ததிலேயே உயர்ந்த தாள் ஒன்று வாங்கி வந்தாள். பருத்தியில் செய்த கனமான தாள். அதில் பிலோமினாவை வரைவது என்று முடிவு செய்தாள். ஆனால் அதில் ஒரு கோடு போடக்கூடத் துணிச்சல் வரவில்லை. முதலில் சாதாரணத் தாளில் பழகலாம் என்று நினைத்தாள். மூக்கு பழகினாள். காது பழகினாள். பிலோமினா எதிரில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"முடிஞ்சுதா? காட்டு."

"இதெல்லாம் வெறும் பயிற்சிடி. வாய் கோணிப்போச்சு."

"கோணல் வாயே இருக்கட்டும், காட்டேன்."

"வேண்டாம் பிலோ. நல்லதா ஒண்ணு போட்டுத் தர்றேன்."

சொல்லிவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். இப்படியே ஒரு வருஷம் போனது.

ஒரு மாலை பிலோமினா தூரிகையைத் தண்ணீரில் நனைப்பதற்குப் பதிலாக டீயில் நனைத்தாள். அவள் தீட்டிய பச்சை வண்ணம் தாளைத் தாண்டிப் பலகைக்கு ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. டீ கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்தார்.

அன்றைக்கு வகுப்பு கலைந்த பிறகு அரசி அவரிடம் போனாள்.

"மாஸ்டர், கை தயாராயிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"யாரை வரையப் போறீங்க?"

"பிலோவைத்தான். அதுக்குன்னே நல்ல தாள் வாங்கி வெச்சிருக்கேன். அவசரப்பட்டு அதைக் கெடுத்துறக் கூடாதில்ல?"

மாஸ்டர் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தூசி தட்டினார்.

"காலேஜ்ல படிக்கும்போது வாங்கினது. எங்க அத்தாவைப் பெருசா ஒரு படம் போடணும்னு."

"அப்பாவைப் போட்டீங்களா?"

அவர் சுருளைப் பிரித்துத் தரையில் விரித்தார். வெள்ளையாகத்தான் இருந்தது, அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். தூரிகையில் நீலம் எடுத்து ஒரு கோடு இழுத்தார். கோடு நிற்கவில்லை. வண்ணம் நாலா பக்கமும் ஊறிப் பரவி, ஒரு கறையாக உள்ளே இறங்கிவிட்டது.

"ஐயையோ, என்ன மாஸ்டர் இது?"

"மேல பூசியிருந்த பசை செத்துப்போச்சும்மா. பார்த்தா தெரியாது."

"எவ்வளவு நாள் வெச்சிருந்தீங்க?"

"தயாராகிற வரைக்கும்."

அரசி தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பலமாகத் தலையாட்டினாள். "புரிஞ்சுது மாஸ்டர்" என்றாள்.

நேராக வீட்டுக்குப் போனாள். தன் தாளை எடுத்து மெல்லிய துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் அந்துருண்டை வைத்து, பீரோவில் ஈரம் ஏறாத மேல் தட்டில் வைத்துப் பூட்டினாள். அடுத்த வகுப்பில் அதைப் பெருமையாகச் சொன்னாள்.

"நல்லவேளை சொன்னீங்க மாஸ்டர். இனிமே எத்தனை மழைக்காலம் வந்தாலும் என் தாளுக்கு ஒண்ணும் ஆகாது."

மாஸ்டர் அவளைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றார்.

பக்கத்திலிருந்த பிலோமினா விழுந்து விழுந்து சிரித்தாள். "பாருங்க மாஸ்டர், என்னை வரையறதுக்கு முன்னாடியே பெட்டியில வெச்சு மூடிட்டா!"

மழைக்காலம் வந்து போனது. அரசியின் கை உண்மையிலேயே படிந்துகொண்டு வந்தது. கன்னத்தில் விழும் நிழலை எப்படிக் கொண்டுவருவது என்று பிடிபட்டது. இன்னும் அந்தச் சிரிப்பு மட்டும் வரட்டும் என்று காத்திருந்தாள். பிலோமினாவை இப்போது மருமகள் கைபிடித்துக் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனாள். பிறகு அவள் வருவது நின்றது. மருமகள்தான் போனில் சொன்னாள். "அத்தைக்கு இப்போ வெளிச்சம்கூடத் தெரியல ஆன்ட்டி."

அரசி போனை வைத்துவிட்டு மேல் தட்டைத் திறந்தாள். தாள் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருந்தது. அன்றே உட்கார்ந்து வரைந்தாள். கை நடுங்கவில்லை. ஒரு கோட்டைக்கூட அழிக்க வேண்டி வரவில்லை. சிரிப்பும் தானாக வந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு படத்தை அவள் அதற்கு முன் போட்டதில்லை.

படத்தை எடுத்துக்கொண்டு பிலோமினா வீட்டுக்குப் போனாள். பிலோமினா கட்டிலில் உட்கார்ந்து, படத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"நல்ல கனமா இருக்கே. சிரிக்கிறேனா?"

"சிரிக்கிற."

"தெத்துப் பல்லு தெரியுதா?"

"தெரியுது."

"போடாம விட்டிருக்கலாம்ல, பாவி."

அரசி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிலோமினா படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தக் கோணல் வாய் படமெல்லாம் எங்கடி?"

"அது எதுக்கு இப்போ?"

"இல்ல, அதைக் காட்டியிருக்கலாம் நீ. அப்ப எனக்குக் கண்ணு தெரிஞ்சுது."

அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் அரசியால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை படத்தை வகுப்புக்கு எடுத்துப் போனாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பிலோமினாவே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றார் ஒருவர். மாஸ்டர் வெகுநேரம் பார்த்தார். மற்றவர்கள் கிளம்பிப் போன பிறகுதான் வாய் திறந்தார்.

"எங்கேயும் குறை இல்லம்மா."

"குறையோட ஒண்ணு அவ கையில கொடுத்திருக்கணும் மாஸ்டர்." அரசி அழுதாள். அழுதுகொண்டே அவள் குரல் உயர்ந்தது. "அன்னைக்கு நீங்க ஒரு தாளைக் காட்டினீங்க. நான் தாளைத்தான் பார்த்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. பிலோவுக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு, வந்த மாதிரி வரைஞ்சு கொடுன்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மாஸ்டர் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு அடுத்த வகுப்பிலேயே எனக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொல்லத்தான் இருந்தேன். உங்க மனசு நோகாத மாதிரி, நல்ல வார்த்தையா அமையட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."