துண்டில் முடிந்த இரண்டு ஓட்டைகள்

செம்பொறை ஜமீனில் மூன்று காவலாளிகள் இருந்தார்கள். மூவருக்கும் மீசை தனித்தனி. மூளை மட்டும் கூட்டுச்சொத்து, அதுவும் பாகம் பிரிக்காதது. அவர்களில் மூத்தவன் சங்கிலிமுத்து. தலைமைக் காவலாளி வேலை காலியாக இருந்தது. அதற்கு உரிய பட்டுத் தலைப்பாகை தன் தலையில் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் காலையில் ஜமீன்தார் அவனைக் கூப்பிட்டுத் தன் கைத்துப்பாக்கியையும் இரண்டு பெட்டித் தோட்டாக்களையும் கொடுத்தார். ஒன்று சிவப்புப் பெட்டி, ஒன்று நீலப் பெட்டி. கம்பெனிதான் வேறு, தோட்டாக்கள் நீளத்திலும் பருமனிலும் இரட்டைப் பிள்ளைகள்.

"சாயங்காலம் பக்கத்து ஜமீன்தார் வர்றாரு. அவர் முன்னால நான் சுடணும். எதுக்கு பலம் அதிகம்னு தெரியலை. ரெண்டையும் பலகையில சுட்டுப் பாரு. எந்த ஓட்டை ஆழமோ, அதைக் கொண்டாந்து காட்டு. சரியாச் செஞ்சா தலைப்பாகை உனக்கு. சொதப்பினா தொழுவத்துல சாணி அள்ளு."

தொழுவத்தில் ஒரு செவலைப் பசு இருந்தது. அதற்குச் சங்கிலிமுத்துவைக் கண்டாலே ஆகாது.

வெளியே வந்து பார்த்தால், இரண்டாவது காவலாளி பேச்சிமுத்து அதற்குள் அடுப்பு மூட்டியிருந்தான்.

"எதுக்குடா அடுப்பு?"

"சுட்டுப் பாக்கச் சொன்னாருல்ல. முதல்ல சிவப்பைப் போடவா, நீலத்தைப் போடவா?"

சங்கிலி பொறுமையாக விளக்கினான். "தோட்டாவை நாம சுடக் கூடாதுடா. துப்பாக்கிதான் சுடணும்."

"அப்ப துப்பாக்கியை அடுப்புல வச்சிரவா?" என்று கேட்டான் மூன்றாமவன் மொட்டையன்.

அடுப்பை அணைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

பிறகு ஒரு கனத்த தேக்குப் பலகையை மண்மேட்டின் முன்னால் நட்டு அவனே சுட்டான். சிவப்புப் பெட்டிக் குண்டு பாதிப் பலகை வரை இறங்கி உள்ளேயே தங்கிவிட்டது. நீலப் பெட்டிக் குண்டு பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டது. பேச்சிமுத்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்துச் சிவப்பு ஓட்டையில் விட்டான். அரை விரல் ஆழம். நீல ஓட்டையில் விட்டான். குச்சி போய்க்கொண்டே இருந்து, அந்தப் பக்கம் நின்ற மொட்டையன் கைக்கு வந்து சேர்ந்தது.

"அண்ணே, இதுக்கு அடியே இல்லையே" என்றான் பேச்சிமுத்து.

"அடி இல்லாததுக்கு ஆழம் ஏதுடா?" என்றான் சங்கிலி. "கிணத்துக்கு அடி இருக்கு, அதனால ஆழம் இருக்கு. ஜன்னலுக்கு என்ன ஆழம்?"

"அதான பாத்தேன். நீலம் பயந்து ஓடிப்போன குண்டு. சிவப்புதான் நின்னு வேலை பாத்திருக்கு."

சிவப்புக்கே வெற்றி என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

"பலகையைத் தூக்கிட்டுப் போவமா?" என்றான் மொட்டையன்.

"மகாராசா பலகையைக் கேக்கலை. ஓட்டையைத்தான் கேட்டாரு."

ஆகவே உளி வந்தது. ஓட்டையின்மேல் கீறல் விழாமல், சுற்றியிருந்த மரத்தை மட்டும் மதியம் முழுக்கச் செதுக்கித் தள்ளினார்கள். உள்ளே கிடந்த குண்டை, வீண் பாரம் என்று எறிந்தார்கள். கடைசிச் சிராயும் போன பிறகு, சிவப்பு ஓட்டையைச் சங்கிலி தன் துண்டில் பதமாக முடிந்துகொண்டான். நீல ஓட்டையை விட்டுப்போக மனமில்லாமல் மொட்டையன் தன் துண்டில் முடிந்துகொண்டான்.

சாயங்காலம் விருந்தாளியோடு ஜமீன்தார் வந்து உட்கார்ந்தார். சங்கிலி முடிச்சை அவிழ்த்து நீட்டினான். ஜமீன்தாருக்குக் கண்பார்வை மட்டம். பக்கத்து ஜமீன்தார் எதிரில் அதை ஒத்துக்கொள்வாரா? குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல ஆழம்டா. அடியே தெரியலை."

பக்கத்து ஜமீன்தார் மட்டும் விட்டுக்கொடுப்பாரா? அவரும் எட்டிப் பார்த்து, "எனக்கும் அடி தெரியலை" என்றார்.

தட்டில் தலைப்பாகை வந்தது. சங்கிலியின் முகம் செத்துப்போயிற்று. சிவப்பு ஓட்டைக்கு அடி உண்டு. அவன் கண்ணாலேயே பார்த்தது. தட்டைத் தள்ளிவிட்டு மொட்டையன் பக்கம் திரும்பினான்.

"பாவி, துண்டு மாறிப் போச்சுடா. உன்னதை அவிழு."

மொட்டையன் அவிழ்த்தான். உள்ளே விரலை விட்டு நன்றாகத் துழாவிப் பார்த்தான்.

"அண்ணே, இதுலயும் அடி இல்லைண்ணே. துண்டு மாறலை. வர்ற வழியில அடி மட்டும் கழண்டு விழுந்திருச்சு."

மூவரும் வந்த வழியெல்லாம் குனிந்து தேடிக்கொண்டு போனார்கள். விழுந்து கிடக்கும் அடியை யாரும் மிதித்துவிடாதபடி, இரண்டு ஜமீன்தார்களும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்கள்.