அஷ்டமி நிலவில் ஒரு பள்ளம்

அந்த மலை மடத்தில் மூலவரை விடப் பெரியது ஒன்று இருந்தது. மொட்டை மாடியில் நின்ற தொலைநோக்கிதான் அது. சாமி பார்க்க வந்தவர்கள் நிலாவையும் பார்த்தார்கள். நிலா பார்க்க வந்தவர்கள் பொங்கலையும் ஒரு கை பார்த்தார்கள். யாருக்கும் நஷ்டமில்லை.

மடத்தின் குரு மெய்யம்மைக்கு நாற்பது வயதுதான். காவி கட்டுவதற்கு முன் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். அவருடைய சீடர்களில் ஒருவரான தில்லைநாயகத்துக்கோ அறுபது தாண்டிவிட்டது. தூத்துக்குடிக்காரர், கப்பல் எஞ்சினோடு ஆயுளைக் கழித்தவர். ஒரே மகள் தாமரையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த பிறகு, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

அன்று மாலை அவர் குருவின் முன் வந்து நின்றார். மதியம் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அம்மா, நான் மேல் குகைக்குப் போயிடுறேன். இனி யாரோடயும் பேச்சு வேண்டாம். உத்தரவு கொடுங்க."

"இன்னைக்கு அஷ்டமி ஐயா. அஷ்டமியில யாராவது புறப்படுவாங்களா?"

நாள் நட்சத்திரம் பார்க்கிற குரு அல்ல அவர். தில்லைநாயகம் திகைத்துப் போனார்.

"சரி, என்ன நடந்துச்சு? சொல்லுங்க."

நடந்தது இதுதான். அந்த மடத்தில் சாமிக்குப் படைக்கும் வரை எந்தப் பண்டத்தையும் யாரும் ருசி பார்க்கக் கூடாது. சமையல்காரி சொர்ணத்துக்கோ ஞாபகமறதி. உப்பு போட்டோமா இல்லையா என்று அடுப்படியில் நின்று தவிப்பாள். அதனால் அவள் உப்பு போடுவதைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டிய வேலை, எப்படியோ தில்லைநாயகத்தின் தலையில் விழுந்தது. காலையும் மாலையும் கதவைத் தட்டிக் கூப்பிட்டுவிடுவாள். ஒருநாள் அவர் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். அன்று பொங்கலில் உப்பு இரண்டு முறை விழுந்துவிட்டது. சாமி எப்படிச் சாப்பிட்டாரோ, பக்தர்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகு அவர் தப்பவில்லை.

"காலையில அந்தம்மா, 'நேத்து போட்டது நல்லா ஞாபகம் இருக்கு, இப்பப் போட்டதுதான் தெரியல'ன்னாங்க. 'நேத்தும் இதையேதானம்மா சொன்னீங்க'ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். வயிறு வலிக்கச் சிரிச்சேன்."

"சிரிச்சா என்ன?"

"மத்தியானம் இலை முன்னால உக்காந்தப்பதான் உறைச்சுது. விடிஞ்சதுல இருந்து நான் பிள்ளைய நினைக்கவே இல்ல. முன்னெல்லாம் அவ முகம் இல்லாம எனக்குக் கண்ணு முழிக்காது. இங்க வந்து அது தேயுது. உப்புக்கு ஒருத்தர், பம்பு ரிப்பேருக்கு ஒருத்தர், ஃபேனுக்கு எண்ணெய் விட ஒருத்தர்னு நாளெல்லாம் பிடுங்குறாங்க. பெத்தவன் நானே மறந்துட்டா அவளுக்கு வேற யாரும்மா இருக்கா?"

மெய்யம்மை எழுந்தார். "மாடிக்கு வாங்க."

பொழுது சாய்ந்து, பாதி நிலா உச்சியில் நின்றது. மெய்யம்மை தொலைநோக்கியைத் திருப்பிச் சரிசெய்தார்.

"வெளிச்சமும் இருட்டும் சேர்ற இடத்துல பாருங்க. என்ன தெரியுது?"

தில்லைநாயகம் கண்ணை வைத்தார். "பெரிய வட்டமா ஒரு பள்ளம். கரையெல்லாம் மழுங்கிக் கெடக்கு. ஒரு பக்கம் இடிஞ்சே போச்சு. கரை மேலயே சின்னச் சின்னக் குழி."

"உள்ளே?"

"தரை சமமா இருக்கு. நடுவுல ஒரே ஒரு முனை நீட்டிக்கிட்டு நிக்குது."

"எப்பவோ ஒரு பெரிய கல்லு வந்து விழுந்த இடம் அது. விழுந்தப்போ பள்ளம் ரொம்ப ஆழம். நடுவுல ஒரு மலையே எழும்பிச்சு. கரையும் செங்குத்தா இருந்திருக்கும். அப்புறம் அடியில இருந்து கொதிச்சு வந்த பாறைக்குழம்பு நிரம்பி ஆறிடுச்சு. மலையில உச்சி மட்டும்தான் மிச்சம்."

"கரையை மழை கரைச்சிருக்கும்."

"அங்க மழை ஏது ஐயா?"

"அப்ப காத்து."

"காத்தும் கிடையாது."

"அப்ப காலம்தான்."

"காலம் என்ன செய்யும்? அதுபாட்டுக்குப் போகும்." மெய்யம்மை சிரித்தார். "பொடிக் கல்லுங்க. பட்டாணி அளவு, மணல் அளவு. ஓயாம வந்து விழுந்துகிட்டே இருந்துச்சு. ஒவ்வொண்ணும் கரையில ஒரு துளி உதிர்த்துட்டுப் போச்சு."

தில்லைநாயகம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பௌர்ணமிக்குக் கூட நான் பார்த்தேனே. இந்தப் பள்ளத்தைக் காணோமே?"

"முழு வெளிச்சத்துல தெரியாது. இல்லவே இல்லைன்னு தோணும். வெளிச்சம் சாயட்டும், கரையும் உச்சியும் அப்படியே எழுந்து நிக்கும். இத்தனை கல்லு விழுந்தும் அது இன்னமும் அந்தப் பெரிய கல்லோட பள்ளம்தான், வேற பேரு யாரும் வைக்கல."

அவர் கண்ணை எடுத்தபோது கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. தாமரை போன பிறகு அவர் எத்தனையோ நாள் அழுதிருக்கிறார். ஆனால் நெஞ்சு லேசாகும்படி அழுதது அன்றுதான்.

"குகைக்குள்ள இருந்தா கல்லு விழாது, இல்லையாம்மா?"

"விழாது. நல்ல கூரை."

"கரை கூராவே இருக்கும்."

"இருக்கும். தொட்டா அறுக்கும்."

அவர் மறுபடி தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். குருவே பேச்சை எடுத்தார். "நாளைக்கு நவமி, அதுவும் ஆகாது. தசமி நல்ல நாள். அன்னைக்குப் புறப்படுங்க, நான் தடுக்கல."

அந்த நேரம் பார்த்துக் கீழே சமையலறையிலிருந்து ஒரு குரல் மாடி வரை ஏறி வந்தது.

"கப்பல்காரரே! சுண்டலுக்கு உப்பு போட்டேனா?"

"நானே இங்கல்ல நிக்கேன்! எனக்கு எப்படித் தெரியும்?" என்று அவரும் கத்தினார். கத்திய குரலில் கோபமே இல்லை. "இருங்க, கையை வச்சிராதீங்க, இந்தா வந்துட்டேன்!"

இரண்டு படி இறங்கியவர் சட்டென்று நின்றார். ஏதோ ஒன்று அவருக்குத் தட்டியது. திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, நான் வர்றதுக்கு முன்னாடி அந்தம்மா உப்புக்கு யாரைச் சாட்சி வச்சுக்கிட்டாங்க?"

மெய்யம்மை தொலைநோக்கிக்கு உறையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"முப்பது வருஷமா இங்க சமைக்கிறாங்க. நீங்க வர்ற வரைக்கும் அவங்க யாரையும் கேட்டதில்ல ஐயா."