குழலின் எதிர்க்கரைக் கீறல்

மருதவேலி நாட்டை ஆண்ட சேந்தராயருக்குப் பழைய சாமான் என்றால் உயிர். சந்தைப் பக்கம் போனால் யானையிலிருந்து இறங்கி, உடைந்த விளக்கையும் பிடி போன வாளையும் புரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை வாங்கி வந்ததுதான் அந்தப் புல்லாங்குழல். அது யாருடையது என்று விற்றவனுக்கே தெரியாது. யாரோ அதைக் கொடுத்துவிட்டுப் புளி வாங்கிப் போனார்களாம்.

அரண்மனை நாயனக்காரர் எடுத்து ஊதிப் பார்த்தார். அவ்வளவுதான், தூங்கிக்கொண்டிருந்த மந்திரிகூட எழுந்து உட்கார்ந்தார். இப்படிப்பட்ட குழலைத் தொலைத்தவர் என்ன பாடுபடுகிறாரோ என்று ராயருக்கு மனசு கேட்கவில்லை. உரியவர் சபைக்கு வந்து அடையாளம் சொல்லலாம், வசந்த உற்சவத்தில் சுவாமி முன் வாசிக்கலாம், பொய் சொன்னால் மட்டும் ஊரைவிட்டே போக வேண்டும் என்று முரசறையச் சொன்னார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஆஸ்தான வித்துவான் சேஷகிரி பாகவதர். இன்னொருத்தி பூக்கட்டித் தெருப் பெண் செங்கமலம். மாசி மகத்தன்று ஆற்றுப்படியில் குழலை வைத்துவிட்டுக் குளிக்க இறங்கினாளாம், ஏறி வந்தபோது அதைக் காணோமாம்.

பாகவதர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பெண் ஊதிய குழலில் சுருதி நிற்காது, இதில் நிற்கிறது, ஆகவே இவள் சொல்வது பொய் என்று ராயரிடம் முடித்துவிட்டார். சுருதி நிற்காது என்று யார் சொன்னது? மூங்கில் வந்து சொல்லிற்றா? சபையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் தலையைத்தான் ஆட்டினார்கள்.

ராயர் பக்கத்தில் நின்ற நாச்சம்மைக்கு உச்சந்தலை வரை சூடேறியது. அவள் அரண்மனையில் ஓலை வாசிக்கிறவள். எழுதியிருப்பதை வாசித்துவிட்டு, எழுதியவன் எதை மறைத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவாள். அதற்காகவே ராயர் அவளை அருகில் வைத்திருந்தார். அதற்காகவே மற்றவர்கள் அவளிடம் எட்டி நின்றார்கள்.

பாகவதர் அடையாளங்களை அடுக்கினார். விரலுக்கு எட்டுத் துளை, வாய்க்கு ஒன்று. ஒரு முனையில் கணு. நடுவில் சிவப்பு நூல் சுற்று. நாற்பது வருஷத்துக்கு முன் தொலைந்துபோன தம் குருநாதரின் குழலேதான்.

"இதெல்லாம் இங்கே நின்றபடியே எனக்கும் தெரிகிறதே, சாமி," என்றாள் நாச்சம்மை.

என் குழல் எனக்குத் தெரியாதா என்பதையே செங்கமலம் திரும்பத் திரும்பச் சொன்னாள். குழலும் போய், பிறந்த ஊரும் போகப்போகிறது. கண் நிறைந்துவிட்டது.

நாச்சம்மை குழலை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். வாய்த்துளையின் ஒரு கரை, உதடு பட்டுப் பட்டு எண்ணெய் தடவினாற்போல் மின்னியது. எதிர்க்கரையில் மெல்லிய கீறல்கள், நூற்றுக்கணக்கில். செங்கமலத்தின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி குழலைப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பணிவாகப் பாகவதரிடம் திரும்பினாள்.

"இந்தக் கீறல்கள் எப்படி வந்தன, சாமி?"

பாகவதர் குனிந்து பார்த்தார். தெரியாது என்ற வார்த்தை அவருக்குப் பழக்கமில்லை.

"குருநாதர் வாசித்து வாசித்து விழுந்தவை. கும்பிட வேண்டிய தழும்புகள்."

"வேறு யாரும் பின்னால் கீறியிருக்க மாட்டார்களா?"

"ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அவர் வாசித்த லட்சணம்."

"நீங்களும் அதே லட்சணத்தில்தான் வாசிப்பீர்களோ?"

"குரு வாசித்த முறையிலிருந்து நான் ஒரு நூல் விலகியதில்லை, அம்மா. நாளைக்கு உற்சவத்திலும் விலக மாட்டேன்."

சபை சபாஷ் போட்டது. ராயரும் குழலை அவரிடமே கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டார். கொடுப்பதற்கு முன் அந்தப் பெண் ஒரே ஒரு பாட்டு வாசிக்கட்டும் என்று நாச்சம்மை குறுக்கே விழுந்தாள். குழல் கெட்டுவிடும் என்று பாகவதர் பதறினார். கெட்டால் கெடட்டும், கேட்போம் என்றார் ராயர்.

செங்கமலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குழலை உதட்டில் வைத்தாள். மோகனம் எழுந்தது. சபையே கண்ணை மூடியது. நாச்சம்மை ராயரை மட்டும் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளச் சொன்னாள்.

செங்கமலத்தின் மூக்கு நடுவில் நீளமாய் ஒரு புல்லாக்கு தொங்கியது. ஊதிய காற்றில் அது ஆடியது. ஆடும்போதெல்லாம் அதன் நுனிக் கல் குழலைத் தொட்டது. டிக், டிக், டிக். வாய்த்துளையின் எதிர்க்கரை. கீறல் இருந்த அதே இடம்.

ராயர் பாகவதரைப் பார்த்தார். பாகவதர் தூணைப் பார்த்தார்.

"அவர் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை, மகாராஜா," என்றாள் நாச்சம்மை. "குருநாதர் புல்லாக்குப் போட்டிருந்திருக்கிறார். அது அவர் இஷ்டம், கேட்க நாம் யார்? ஆனால் சாமி ஒரு நூல் விலக மாட்டேன் என்று சபையறியச் சொல்லிவிட்டார். உற்சவமோ நாளைக்கு. ஆசாரியை வரவழைத்து இப்போதே மூக்குக் குத்தினால்தான் விடிவதற்குள் வீக்கம் வடியும்."

"யாரங்கே, ஊசி கொண்டுவரச் சொல்," என்றார் ராயர்.

பாகவதர் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். குழல் அந்தக் குழந்தையுடையதுதான் என்று கைகளுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ராயர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவி மடியில் விழுந்தது.

குழல் செங்கமலத்தின் கைக்குப் போயிற்று. சொன்ன சொல்படி பாகவதர் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாச்சம்மைக்கு என்ன பரிசு வேண்டும் என்று ராயர் கேட்டார்.

"அவரை அனுப்பாதீர்கள், மகாராஜா. நாளைக்கு இவள் வாசிக்கும்போது முன்னால் உட்கார்ந்து தாளம் போட ஒரு பெரிய வித்துவான் வேண்டாமா?"