பத்தொன்பதாம் நாள்

மறுநாள் நண்பகலுக்குள் அறவாழி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம்தான். அதற்கு நாற்பத்தொரு வரைவுகள் போட்டுக் கிழித்திருந்தார். நாற்பத்திரண்டாவது வரைவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலை பத்தரை மணிக்கு மலையேறி சூசையம்மாளைப் பார்க்க வந்தார்.

அறவாழிக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக நாட்டுக்காக மற்ற நாடுகளோடு பேசுவதுதான் அவர் வேலை. பேச்சுவார்த்தை என்றால் அவரை விட்டால் ஆளில்லை என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவருக்கு அன்று உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது. காரிலிருந்து இறங்கியதும் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார்.

சூசையம்மாள் டவுன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவர். ஓய்வு பெற்றதும் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டில் தனியாக வந்து தங்கிவிட்டார். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியும் வாங்காமலும் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்ததில் அந்த அம்மாளுக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். என்ன பிடிபட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனாலும் மனக்கஷ்டம் வந்தால் ஏறி வந்துவிடுவார்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு மனைவி இறந்தபோது அறவாழியும் அப்படித்தான் வந்தார். சூசையம்மாள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. எதிரில் உட்காரவைத்து ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து உருவச் சொன்னார். அன்று முதல் அவர் அந்த அம்மாளின் சீடர். அன்றைக்கு அம்மாவை இழந்த மகள் ஆதிரை இப்போது கடற்படையில் அதிகாரி.

இன்றும் கீரைதான். மரத்தடியில் பாய் விரித்து, முறத்தை நடுவில் வைத்து அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"வா. சாப்பிட்டியா?"

"பசிக்கலைம்மா."

"தூங்கினியா?"

"இந்தப் பத்தொன்பது நாளா யாரும்மா தூங்கினா?"

அது உண்மை. நிலாவுக்கு அப்பால் ஏதோ ஒன்று வந்து நின்று அன்றோடு பத்தொன்பது நாள். அது கல் இல்லை. கல் வந்தால் போய்விடும், இப்படி நிற்காது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரேடியோவில் மூன்று சத்தம் கொடுக்கும். பிறகு சும்மா இருக்கும். பதிலுக்குக் காத்திருக்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குச் சந்தேகமே இல்லை. பதில் சொல்வது யார் என்பதில்தான் நாடுகளுக்குச் சண்டை.

முதலில் பேசுகிறவனைத்தான் அதில் வந்திருப்பவர்கள் பூமியின் தலைவன் என்று நினைப்பார்கள் என்று யாரோ ஒரு தலைவர் சொல்லிவைத்தார். பிறகு யாரும் யாரையும் பேசவிடவில்லை. நாடுகள் இரண்டு அணியாகப் பிரிந்தன. நடுக்கடலில் ஒரு தீவு. அவ்வளவு தூரம் பேசக்கூடிய பெரிய ஆன்டெனா அங்கேதான் இருந்தது. அதைச் சுற்றி இரண்டு அணிகளின் கப்பல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. மறுநாள் நண்பகலுக்குள் ஒதுங்காவிட்டால் சுடுவோம் என்று அறவாழியின் அணி சொல்லிவிட்டது. ஒதுங்கச் சொன்னதற்கே சுடுவோம் என்று எதிரணி சொன்னது.

அறவாழியின் அணியில் முன்வரிசையில் நின்ற கப்பலில் ஆதிரை இருந்தாள்.

அறவாழி பாயில் உட்கார்ந்து ஒரு கீரைக்காம்பை எடுத்தார். அவசரமாக உருவியதில் இலையோடு குச்சியும் ஒடிந்து வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். யார்தான் முதல்ல பேசணும்? நியாயமாச் சொல்லுங்க."

"நீ யார்னு நினைக்கிற?"

"நாமதான். அவங்க பேசினா மிரட்டலாத்தான் இருக்கும். அதுக்கு அனுப்ப நான் நல்ல வாக்கியமா ஒண்ணு எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

"அப்புறம் படி. அது நம்ம பேச்சைக் கேக்குமா?"

"கேக்கும். ரேடியோ, டிவி, கப்பலுக்குக் கப்பல் பேசிக்கிறது, எல்லாமே அங்க போய்ச் சேருதாம். நம்ம பாஷைகளைக்கூட இதுக்குள்ள படிச்சிருக்கும்னு சொல்றாங்க."

"அப்ப எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கு."

"அது நம்ம உள்விவகாரம்மா. அதிகாரபூர்வமா நாம இன்னும் வாயே திறக்கலை."

சூசையம்மாள் "ஓ" என்றார். அடுத்த காம்பை எடுத்து உருவினார்.

அறவாழி கையிலிருந்த போனைப் பார்த்தார். அது கடலுக்குப் பேசுகிற தடித்த போன்.

"ஆதிரைகிட்ட பேச லைன் கேட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம்தான் தருவாங்க. எப்ப கிடைக்கும்னு தெரியாது. அந்தப் பக்கம் அவ வந்ததும் தானா இணைஞ்சிடும்னாங்க."

"அவகிட்ட என்ன சொல்லப் போற?"

"பயப்படாதேன்னு சொல்லணும். அம்மா இல்லாத பொண்ணு. நான் இருக்கேன்னு சொல்லணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியலை."

ஸ்பீக்கரைப் போட்டு, போனை முறத்தின் ஓரத்தில் வைத்தார். அதிலிருந்து வெறும் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. இருவரும் கீரை உருவினார்கள். அவர் நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்தார். அந்த அம்மாள் பார்க்கவில்லை.

கீழே நிறுத்தியிருந்த காரிலிருந்து அவருடைய செயலாளர் நிலோபர் ஏறக்குறைய ஓடி வந்தாள். கையில் இன்னொரு போன் இருந்தது.

"சார்!"

அறவாழி எழுந்து நின்றார்.

"அமைச்சர் கேக்கச் சொன்னார் சார். அவங்க கப்பல் ரெண்டு இன்னும் கிட்ட வந்திருக்கு. நம்ம முன்வரிசையைக் கொஞ்சம் பின்னால எடுக்கலாமா? உங்க கருத்து உடனே வேணுமாம்."

முறத்தின் ஓரத்தில் இரைச்சல் நின்றிருந்தது. சூசையம்மாளின் கையும் நின்றது. அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார்.

"அறவாழி," என்றார்.

"ஒரு நிமிஷம்மா." அவர் நிலோபரிடம் திரும்பினார். "எடுக்க வேண்டாம். அங்கேயே நிக்கட்டும்."

"இன்னும் கிட்ட வந்தா சுட்டுடுவாங்கன்னு சொல்றாங்க சார்."

"சுடட்டும். அவங்க முதல்ல சுட்டா உலகம் பூரா நம்ம பக்கம் வந்துடும். அப்புறம் நாம பேசறதை எவன் தடுப்பான்?"

"சார், முன்வரிசையில..."

"எனக்குத் தெரியும்."

"ஆதிரை இருக்காங்க சார்."

"தெரியும்னு சொன்னேன்ல? என் பொண்ணு இருக்கான்னு நான் கப்பலை நகர்த்தச் சொன்னா நாளைக்கு ஊர் என்ன பேசும்? மத்தவங்க பிள்ளைங்க நிக்கிறாங்கல்ல?"

"அறவாழி," என்றார் சூசையம்மாள் மறுபடியும். முன்பைவிடச் சற்று உரக்கச் சொன்னார்.

அவர் திரும்பாமலே கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம்னு சொன்னேன்லம்மா." பிறகு நிலோபரிடம், ஒவ்வொரு சொல்லாக, எழுதிக்கொள்ளத் தோதாகச் சொன்னார். "ஒரு கப்பல் போனா போகட்டும். நமக்கு அது நஷ்டமில்லை. இதுதான் என் கருத்துன்னு சொல்லிடு."

நிலோபர் எழுதிக்கொண்டாள். போனில் அப்படியே சொன்னாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அறவாழி அப்படியே நின்றார். மரத்தில் ஒரு கை ஊன்றியிருந்தார். எப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனாலும் சொல்லியாகிவிட்டது.

திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். குரலைச் சரி செய்துகொண்டார்.

"இன்னும் லைன் வரலையே," என்றார்.

"நான் லைன்லதான் இருக்கேன்ப்பா," என்றது போன்.

அறவாழி போனை இரண்டு கையாலும் எடுத்தார். முறம் சரிந்து கீரை பாயில் கொட்டியது.

"ஆதிரை? எப்ப இருந்தும்மா?"

"நிலோபர் அக்கா 'சார்'னு கூப்பிட்டாங்களே, அப்ப இருந்து."

"நீ ஏன் கூப்பிடலை?"

"கூப்பிடத்தான் வாயெடுத்தேன். அப்புறம் கேட்டுக்கிட்டே இருந்துட்டேன்."

"இங்க பாரு கண்ணு, அது வேற. அது நாட்டு விஷயம். நான் அப்பாவா..."

"புரியுதுப்பா. நான் இருக்கேன்னு நீங்க கப்பலை நகர்த்தச் சொல்லியிருந்தா எனக்கே அசிங்கமா இருந்திருக்கும்." அவள் குரலோடு கடல் காற்றின் சத்தமும் வந்தது. "ஆனா நஷ்டமில்லைன்னு சொன்னீங்கல்ல, அதுதான்ப்பா தாங்கலை."

அறவாழி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தார்.

"இன்னும் அரை நிமிஷம் இருக்குன்னு இங்க விரல் காட்டுறாங்கப்பா. என்ன சொல்லணும்னு கூப்பிட்டீங்க?"

நான் இருக்கேன் என்று சொல்லத்தான் அவர் கூப்பிட்டார். அந்த இரண்டு சொல்லும் நாக்கு நுனியில்தான் இருந்தன. வெளியே வரவில்லை. முப்பது வருடம் பேசிப் பேசி எத்தனையோ கதவுகளைத் திறந்த மனிதர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு மூச்சு மட்டும் விட்டார்.

"சரிப்பா, வேளைக்குச் சாப்பிடுங்க," என்றாள் ஆதிரை. லைன் போய்விட்டது.

நிலோபர் தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டத்தில் யாரோ ரப்பர் பால் வடிக்கும் சிரட்டைகளை அடுக்கும் சத்தம் கேட்டது. சூசையம்மாள் பாயில் சிந்திய கீரையைக் கைகளால் கூட்டி மறுபடி முறத்தில் போட்டார்.

அறவாழிக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. லைன் திறந்தா அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அதைத்தானே கேட்டீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்," என்றார் சூசையம்மாள்.

அறவாழி போனைப் பாயில் கவிழ்த்து வைத்தார்.

"எக்ஸ்சேஞ்ச்லயும் இப்படித்தான்," என்றார் அந்த அம்மாள், கீரையிலிருந்து குப்பையைப் பொறுக்கியபடி. "மூணு நிமிஷ அழைப்பு. லைன் கொடுத்துட்டேன், பேசுங்கன்னு சொல்லுவேன். இந்தப் பக்கம் ரிசீவருக்கு அண்ணன் தம்பி அடிச்சுக்குவாங்க. நான் பேசறேன், நீ யாரு பேசறதுக்குன்னு. அந்தப் பக்கம் துபாய்ல ஒருத்தன் மூச்சுவிடாமக் கேட்டுக்கிட்டிருப்பான். அப்புறம் ஜெயிச்சவன் வாங்கி, நல்லா இருக்கியா தம்பின்னு தேனா ஆரம்பிப்பான்."

"அவன் என்ன சொல்லுவான்?"

"நல்லா இருக்கேம்பான். வேற என்ன சொல்லுவான்?"

நிலோபரின் போன் அதிர்ந்தது. அவள் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "சார், அந்த மூணு சத்தம் மறுபடி வந்திருக்கு. வாக்கியத்தை இப்பவே அனுப்ப முடியுமான்னு கேக்கறாங்க."

அறவாழியின் கை சட்டைப்பைக்குப் போனது. காகிதத்தை எடுத்தார். நான்காக மடித்திருந்த அது வியர்வையில் ஈரமாகியிருந்தது.

"இப்ப படி," என்றார் சூசையம்மாள்.

அவர் பிரித்துப் படித்தார். "எங்களில் ஒருவரையும் இழக்கச் சம்மதியாத ஒரே குடும்பமாகிய நாங்கள்..."

அங்கே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். "எங்களில் ஒருவரையும்..." அதற்கு மேல் போக முடியவில்லை. தோள் குலுங்கியது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு அதே பாயில் அழுததைப்போல அழுதார். நிலோபர் பதிலுக்காகப் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள்.

சூசையம்மாள் அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அந்தக் காகிதத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து, மீதியையும் மனசுக்குள் படித்தார். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "உன் மகளுக்கு லைன் வந்து நாலு நிமிஷம் கழிச்சுப் பேச வந்த. மேல வந்து நிக்கிறவங்களுக்கு லைன் வந்து இன்னைக்குப் பத்தொன்பதாம் நாள்."